களிமண் மேல் விரித்த மேட்

எழுபது, எண்பதுகளில் டெல்டாவின் சிற்றூர் கிரிக்கெட் கிளப்புகளுக்குச் சொத்து என்று இருந்தது, பிட்ச் மேல் விரிக்கும் தேங்காய் நார் மேட்தான். பேட், பேடு எல்லாம் பக்கத்து ஊரில் இரவல் கிடைக்கும். மேட் கிடைக்காது. அதை விரிக்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். அந்தக் கைவேலை மறந்துபோகக் கூடாது என்பதற்காகவே இந்தப் பதிவு.

சம்பா அறுத்ததும் வயல் காலியாகிவிடாது. தாளுக்குள் உளுந்தும் பயறும் நிற்கும். அதையும் பறித்தெடுத்த பிறகு, பங்குனி வாக்கில்தான் ஆட இடம் கிடைக்கும். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்துவிட்டால் குறுவைக்கு உழவு ஆரம்பித்துவிடும். பள்ளிக்கூடத் திடல் வாய்த்த ஊர்களுக்கு இந்த அவசரம் இல்லை.

பெரிய தலைவலி வெடிப்பு. நம் களிமண் கோடையில் பாளம் பாளமாகப் பிளக்கும். அவசரத்துக்கு ஆற்று மணலைக் கொட்டி மூடினால் அது களியோடு ஒட்டாது. நாலு ஓவரில் உள்ளே இறங்கி, மேட்டுக்கு அடியில் குழி விழும். அந்த இடத்தில் பட்ட பந்து ஒன்று காலடியில் உருளும், அடுத்தது முகத்துக்கு வரும். அதே வயலின் மண்ணைப் பொடித்துச் சலித்து, வெடிப்பில் நிரப்பி, லேசாகத் தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடிப்பதே சரி. ரோலரைச் சாயங்காலம் ஓட்டக் கூடாது, தண்ணீர் விட்ட மண் அதில் அப்பிக்கொண்டு வரும். இரவு விட்டு, காலையில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, பதிந்தும் ஒட்டாமல் இருந்தால் ஓட்டலாம்.

ஸ்டம்புக்கு ஸ்டம்பு 66 அடி. முதலில் மேட்டின் ஒரு முனையை ஆணியடித்து நிறுத்திவிட்டு, மறுமுனையை ஆறேழு பேர் சேர்ந்து இழுக்க வேண்டும். பிறகு பக்கவாட்டு ஆணிகள், நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கி, எதிரெதிராக ஜோடி ஜோடியாக. ஒரு பக்கத்தை முழுதாக அடித்துவிட்டு மறுபக்கம் போனால் சுருக்கமெல்லாம் அங்கே சேர்ந்து நிற்கும், அதை எடுக்க எல்லா ஆணியையும் பிடுங்க வேண்டியதுதான். ஆணிக்கு வாஷர் அவசியம். இல்லாவிட்டால் நார் கிழிந்து தலை வெளியே வந்துவிடும். பவுலர் காலூன்றும் முனையில் விளிம்பை மண்ணுக்குள் புதைத்துவிட்டால் தடுக்கி விழ மாட்டார்கள். பேட்ஸ்மேன் நிற்கும் கோடான பாப்பிங் கிரீஸ் ஸ்டம்பிலிருந்து 4 அடி.

இறுக்கம்தான் ஆட்டம். விறைப்பாக இருந்தால் பந்து எழும்பும், கட்டர், அதாவது விரலால் வெட்டி விட்டுத் திருப்பும் வேகப்பந்து, போடுபவருக்குக் கொண்டாட்டம். 1956-ல் கராச்சி மேட்டில் ஆஸ்திரேலியாவை 80 ரன்னில் சுருட்டிய டெஸ்டில் பாகிஸ்தான் பவுலர் ஃபஸல் மஹ்மூத் 13 விக்கெட் எடுத்தது இந்த வித்தையால்தான். தளர்ந்த மேட்டில் பந்து மெதுவாக வந்து நன்றாகத் திரும்பும். அதனால் டாஸுக்கு முன் இரண்டு கேப்டன்களும் காலால் தேய்த்துப் பார்ப்பது நியாயம். மதிய வெயிலுக்குப் பிறகு ஒருமுறை ஆணிகளைச் சரிபார்க்க வேண்டும்.

ஸ்பைக்ஸ் கூடாது, கேன்வாஸ் ஷூதான். பவுலர் கால்படும் இடம்தான் முதலில் தேயும். மாதம் ஒருமுறை மேட்டை முனை மாற்றிப் போட்டால் தேய்மானம் பரவும். பிரிந்த இடத்தை அன்றைக்கே கோணி ஊசியும் கயிறும் கொண்டு தைத்துவிட வேண்டும். ஈரத்தோடு சுருட்டினால் நார் மக்கும். வெயிலில் இரு பக்கமும் காயவைத்து, மூங்கில் கழியில் சுற்றி, தரையில் படாமல் செங்கல் மேல் வைக்க வேண்டும். சுவரிலும் சாய்க்கக் கூடாது, கறையான் சுவர் வழியாகத்தான் ஏறும்.