படிக்கல்லை வைத்துப் பார்த்த பிறகே நிறுக்கிறேன்: விஎம் உள்ளே கவுண்டர் சோதனைகள்

ஆடிக் கச்சான் வீசும் நாட்களில் மட்டக்களப்பில் லப்டொப்பை வைத்து நேரம் அளந்து பயனில்லை. கல்லடி வீட்டில் மத்தியானச் சூடு ஏறினால் சிபியூ தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விடியற்காலையில் ஒன்றரை மில்லிசெக்கனில் முடிந்த வேலை, மத்தியானம் இரண்டைத் தாண்டிவிடும். நிரலில் ஒரு எழுத்துக்கூட மாறியிருக்காது.

நான் ஓய்வு நேரத்தில் சி மொழியில் எழுதிவரும் ஒரு சிறிய லைப்ரரி, தமிழ் உரையை எழுத்து எழுத்தாகப் பிரிக்கிறது. ‘கொ’ நமக்கு ஒரே எழுத்து. யூனிகோடில் அது இரண்டு குறியீடாகவும் வரலாம், மூன்றாகவும் வரலாம். இதையெல்லாம் சரியாகப் பிரிக்க வேண்டும், வேகமும் குறையக்கூடாது. அதனால் நேரத்தை விட்டுவிட்டு, சிபியூ செய்து முடித்த கட்டளைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தேன். ஒரு மாதிரி உரைக்கு 42 இலட்சம் கட்டளைகளைத் தாண்டினால் சோதனை தோல்வி. சூடு ஏறினாலும் இந்த எண்ணிக்கை அசையாது. இதை எண்ணும் கவுண்டர்கள் சிபியூவுக்குள்ளேயே இருக்கின்றன. 2009இல் வந்த லினக்ஸ் 2.6.31 முதல் பெர்ஃப் என்ற லினக்ஸின் அளவீட்டு வசதி வழியாக அவற்றை வாசிக்கலாம்.

லப்டொப்பில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. வெர்ச்சுவல் மெஷினுக்குள் (விஎம், ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) கொண்டுபோனதும் குழப்பம் தொடங்கியது. வாடகைக்கு எடுத்த விஎம்மில் எப்போதும் பச்சை, அதாவது வெற்றி. வீட்டில் பழைய டெஸ்க்டொப்பில் ஓடும் விஎம்மில் ஒருதரம் பச்சை, ஒருதரம் சிவப்பு. முதலில் நான் செய்தது பிழையான வேலை. தோற்றால் மூன்று தரம் திரும்ப ஓடு என்று எழுதி, வரம்பையும் பத்து வீதம் தளர்த்தினேன். சிவப்பு குறைந்தது. ஆனால் ஒரு நாள் வேண்டுமென்றே நிரலை மந்தமாக்கி ஓட்டிப் பார்த்தேன். வாடகை விஎம்மில் அதற்கும் பச்சை! அந்த இடத்தில்தான் விழித்துக்கொண்டேன்.

தம்பி பக்கத்தில் இருந்து பார்த்தான். “பச்சைதானே அக்கா, மறுகா என்னத்துக்குத் தோண்டுறீங்க?” என்று கேட்டான். எனக்குப் பயமே அந்தப் பச்சையில்தான் இருந்தது.

வாடகை விஎம்மில் கேர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, தொடங்கும்போது எழுதிய வரிகளைத் தேடிப் பார்த்தேன். பிஎம்யு (சிபியூவில் கவுண்டர்கள் இருக்கும் பகுதி) டிரைவர் இல்லை, மென்பொருள் நிகழ்வுகள் மட்டுமே என்று அதில் தெளிவாக இருந்தது. அதாவது கவுண்டரையே விஎம்முக்குள் காட்டவில்லை. கவுண்டரைத் திறக்கும் அழைப்பு பிழையைத் திருப்பியிருக்கிறது, நான் அதைப் பார்க்கவில்லை. வாசிப்பும் தோற்றிருக்கிறது, அதையும் பார்க்கவில்லை. எண்ணிக்கை வைக்கும் இடத்தில் ஆரம்பத்தில் போட்ட பூச்சியம் அப்படியே கிடந்தது. பூச்சியம் 42 இலட்சத்தை விடக் குறைவு, ஆகவே வெற்றி. பல வாரமாக அந்தச் சோதனை எதையுமே அளக்காமல் எனக்கு நம்பிக்கை தந்துகொண்டிருந்தது. அதை நினைத்தால் இப்போதும் மனம் கசக்கிறது.

வீட்டு விஎம் வேறு கதை. அது லினக்ஸிலேயே உள்ள கேவிஎம் மூலம் ஓடுவது. விஎம்மைத் தொடங்கும் கியூஇஎம்யு கட்டளையில் ஹோஸ்ட் (விஎம்மைத் தாங்கும் வெளிக் கணினி) சிபியூவைக் கேட்டு, பிஎம்யுவையும் திறந்துவிட்டிருந்தேன், எண்ணிக்கை வந்தது. கோளாறு கவுண்டர்களின் தட்டுப்பாட்டில் இருந்தது. அந்த இன்டெல் சிபியூவில் ஹைப்பர்த்ரெடிங் (ஒரு கோர் இரண்டு த்ரெட்டாக வேலை செய்வது) இயங்கும்போது ஒரு த்ரெட்டுக்குப் பொதுக் கவுண்டர்கள் 4, நிலையான கவுண்டர்கள் (தமக்கென்று வைத்த நிகழ்வை மட்டுமே எண்ணுபவை) 3. நான் கட்டளைகள், கேஷ் தவறல்கள் என்று ஆறு நிகழ்வுகளைத் தனித்தனியாகத் திறந்திருந்தேன். சிபியூ உறைந்துவிட்டதா என்று கவனிக்கும் கேர்னலின் என்எம்ஐ வாட்ச்டாக்கும் தன் பங்குக்கு ஒன்றைப் பிடித்துக்கொள்கிறது. இடம் போதாவிட்டால் கேர்னல் முறை வைத்து எண்ணும். கல்லடிப் பாலத்தில் ஒரே ஆள் நின்று ஐந்து நிமிடம் ஓட்டோவையும் அடுத்த ஐந்து நிமிடம் பஸ்ஸையும் எண்ணி, இரண்டையும் இரண்டால் பெருக்கிச் சொல்வது மாதிரி. ஒரு நாள் முழுக்க எண்ணினால் கணக்கு ஓரளவு பொருந்தும். என் சோதனையோ இரண்டு மில்லிசெக்கனில் முடிந்துவிடுகிறது, முறை மாறுவதற்கே சில மில்லிசெக்கன் ஆகும். முறை வராத ஓட்டத்தில் எண்ணிக்கை பூச்சியம். பாதியில் வந்தால் பெருக்கிய எண் எங்கேயோ போய் நிற்கும்.

கவுண்டர் கேட்கப்பட்ட நேரம், உண்மையில் எண்ணிய நேரம் இரண்டையும் எண்ணிக்கையோடு சேர்த்தே வாசிக்கலாம். இப்போது இரண்டும் சமமாக இல்லாவிட்டால் அந்த ஓட்டத்தைத் தூக்கிப் போடுகிறேன். ஆறு நிகழ்வுகளை ஒன்றாகக் குறைத்தேன். அதையும் ‘பின்ட்’ (pinned) என்று, முறை வைக்காமல் எப்போதும் கவுண்டரிலேயே இருக்கக் கேட்டுத் திறக்கிறேன். இடம் கிடைத்தால் முழுதாக எண்ணும், இல்லையென்றால் வாசிப்பில் ஒன்றுமே வராது. அரைகுறை எண்ணுக்கு இடமில்லை.

இதுவும் போதவில்லை. விஎம்முக்குள் தெரியும் கவுண்டரை, வெளியே ஹோஸ்ட் கேர்னல் தன்னிடமுள்ள கவுண்டரைக் கொண்டுதான் நடத்துகிறது. வெளியே ஒன்று பறிபோனால் உள்ளே தெரியாது, உள்ளிருக்கும் கணக்கில் இரண்டு நேரமும் சமமாகவே இருக்கும். ஹோஸ்டில் வாட்ச்டாக்கை நிறுத்தினேன். ஆனால் எல்லா ஹோஸ்டும் என் கையில் இல்லையே.

அப்போது அப்பாவின் கடை ஞாபகம் வந்தது. ஆரையம்பதியில் கடை திறந்ததும் அவர் செய்யும் முதல் வேலை, தராசின் இரண்டு தட்டிலும் ஒரே நிறைப் படிக்கல்லை வைத்து முள் நேராக நிற்கிறதா என்று பார்ப்பது. பிறகுதான் சீனி, பருப்பு. நானும் ஒரு படிக்கல் செய்தேன். ஒன்றைக் குறை, பூச்சியம் ஆகாவிட்டால் திரும்பத் தாவு. இந்த இரண்டே கட்டளைகளை அசெம்பிளியில் எழுதி ஒரு இலட்சம் தரம் சுற்றவிட்டேன். இரண்டு இலட்சத்துக்குச் சற்று மேல் வர வேண்டும். ஒவ்வொரு சோதனைக்கு முன்னும் பின்னும் இது ஓடுகிறது. இரண்டில் ஒன்று பிசகினாலும் நடுவில் வந்த எண்ணை நான் நம்புவதில்லை.

சின்ன ஆட்டம் மட்டும் மிஞ்சியது, சில பத்துக் கட்டளைகள். கேர்னலை விட்டுவிட்டு என் நிரலின் கட்டளைகளை மட்டும் எண்ணச் சொன்னாலும் இது போகாது. வன்பொருள் இன்டரப்டுகளும் பேஜ் ஃபால்ட்டுகளும் (நினைவகப் பக்கம் தயாராக இல்லாதபோது வரும் தடங்கல்கள்) எண்ணிக்கையைக் கூட்டும் என்று ஆய்வாளர் வின்சென்ட் வீவரும் கூட்டாளிகளும் 2013இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். ஒருதரம் சும்மா ஓட்டி நினைவகப் பக்கங்களைத் தொட்டுவிட்டு, பிறகு இருபது தரம் ஓட்டி மிகக் குறைந்த எண்ணை எடுத்தேன். சராசரி இந்த வேலைக்கு உதவாது. இங்கே வரும் குறுக்கீடு எண்ணைக் கூட்டத்தான் செய்யும்.

முடிவுகளையும் மூன்றாக்கினேன்: வெற்றி, தோல்வி, அளக்கவில்லை. நான் சோதனைகளை ஓட்டும் ஆட்டோமேக்கில் ஒரு சோதனை 77 என்ற எண்ணோடு வெளியேறினால் தவிர்க்கப்பட்டதாகப் பதியும். வாடகை விஎம்மில் இப்போது எப்போதும் 77தான். எல்லா இடத்திலும் 77 வந்து ஒருவருமே அளக்காமல் போகக்கூடாது. அதற்காக வீட்டு டெஸ்க்டொப்பில் மட்டும் ‘அளக்கவில்லை’ என்பதையும் தோல்வியாகவே வைத்திருக்கிறேன். கேஷ் (சிபியூவின் சிறிய வேக நினைவகம்) தவறல்களுக்கு வைத்த வரம்புகளை அழித்துவிட்டேன். கடைசி நிலைக் கேஷைப் பக்கத்து விஎம்களும் பங்குபோடும்போது அந்த எண் என் நிரலைப் பற்றி எதுவும் சொல்லாது.

நேற்றிரவு 200 தரம் ஓடவிட்டுப் படுத்தேன். 137இல் கரண்ட் போயிற்று. அதுவரை 131 வெற்றி, 6 அளக்கவில்லை, தோல்வி இல்லை. அந்த ஆறிலும் பிசகியது பின்னால் வைத்த படிக்கல். ஏன் ஆறுமே பின்னால் என்று இன்றிரவு பார்க்க வேண்டும்.