எரியாமற்போன விளக்கு

1991 ஆம் ஆண்டு லண்டனுக்கு வந்து, இரவில் பெற்றோல் நிலையமொன்றில் வேலை செய்துகொண்டு அகதி விண்ணப்பத்தின் முடிவுக்குக் காத்திருந்த நாட்களிலேதான் யூத மதகுரு ஹியூகோ கிரின் அவர்களின் குரலை பிபிசி வானொலியில் முதன்முதலாகக் கேட்டேன். அறநெறிச் சிக்கல்களை விவாதிக்கும் அந்த நிகழ்ச்சியில் ஏனையோர் குரலை உயர்த்தும்போது அவர் கனிவு குன்றாமல் பேசுவார். நம் கல்லூரியில் எமக்குச் சமயபாடம் கற்பித்த ஆசிரியரின் பேச்சும் அத்தகையதே என்பதால், இம்மலரில் கிரின் அவர்களைப் பற்றி எழுதுவது பொருத்தமென்று கருதுகிறேன்.

இன்று உக்ரைனில் உள்ள பெரெகோவோ நகரில் 1930 இல் பிறந்த அவர், 1944 இல் குடும்பத்தோடு, நாஜிகள் யூதர்களைக் கொன்றுகுவித்த அவுஷ்விற்ஸ் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். வேலைக்கு ஏற்றவரென்று கருதும்படி வயதைக் கூட்டிச் சொன்னதால் அவர் தப்பினார், தம்பி கொல்லப்பட்டான். பின்னர் லீபெரோசே என்ற முகாமில், ஹனுக்கா என்னும் தீபத் திருநாளன்று, உணவாகக் கிடைத்த மாஜரினைத் தந்தையார் உருக்கி, நூல்திரியிட்டு விளக்கேற்ற முயன்றார். மாஜரின் எரியவில்லை. வீணாகிய உணவுக்காகச் சினந்த மகனிடம், உணவின்றிச் சில வாரங்கள் வாழலாம், நம்பிக்கையின்றி மூன்று நிமிடமும் வாழ முடியாது என்றார் தந்தை. விடுதலை கிடைத்த சில நாட்களிலேயே தந்தை இறந்துபோனார்.

இதை அறிந்தபோது, யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் தடை என்றிருந்த அந்நாட்களில், ஜாம் போத்தலில் பஞ்சை வைத்து, அதில் ஊறிய சிறிதளவு எண்ணெயில் எரியும் விளக்கின் முன்னிருந்து பரீட்சைக்குப் படிப்பதாக என் தம்பி எழுதிய கடிதத்தை எடுத்து மறுபடியும் வாசித்தேன்.

முகாமிலிருந்து மீண்ட யூத அறிஞர் லியோ பெக்கின் ஊக்குவிப்பால் கிரின் அமெரிக்காவின் சின்சினாற்றியில் கற்று, மதகுருவாகி, முதலில் பணியாற்றச் சென்ற இடம் பம்பாய். அங்கு மராத்தி பேசும் பெனே இஸ்ரேல் என்னும் இந்திய யூத மக்களிடையே சில ஆண்டுகள் தொண்டாற்றிய பின், 1964 முதல் இறக்கும்வரை மேற்கு லண்டன் யூத தொழுகைக்கூடத்தில் பணிபுரிந்தார். இக்காலத்து யூத சிந்தனையை உலுக்கிய கேள்விக்கு அவர் கொண்டிருந்த விடையையே நான் பெரிதாக மதிக்கிறேன். அவுஷ்விற்ஸில் கடவுள் எங்கே இருந்தார் என்று கேட்டவர்களிடம், கடவுள் அங்கேயே இருந்தார், அவமதிக்கப்பட்டவராக இருந்தார், மனிதன் எங்கே இருந்தான் என்பதே கேள்வி என்றார். இந்தச் சிந்தனை அவரிடம் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 1987 இல் பிரித்தானியாவின் பல சமயத்தவரையும் ஒன்றிணைத்த அமைப்பு உருவானபோது அதன் முதல் இணைத்தலைவர்களில் ஒருவராக அவர் பொறுப்பேற்றார்.

வாழ்வின் இறுதிக் காலத்தில் ஆற்றிய உரையொன்றில், தாம் எவ்விதத்திலும் கடன்படாத மனிதரை ஒரு சமூகம் எப்படி நடத்துகிறது என்பதே அது தன் இளையோருக்குக் காட்டும் அடையாளம் என்று அகதிகளுக்காக வாதாடினார். 1996 ஓகஸ்ட் 18 ஆம் திகதி அவர் காலமானார். எனது விண்ணப்பத்துக்கு அப்போதும் பதில் வந்திருக்கவில்லை.