சர்வர் ரீஸ்டார்ட் ஆகுது

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம் வீடியோ காலில் இங்கிலாந்து வாடிக்கையாளர் தரப்பு ஆட்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களை ஒவ்வொருவராக அறிமுகம் செய்துகொண்டு வந்தபோது, என் முறையில் அங்கிருந்து ஒருவர், "அண்ட் வாட் டு யூ டூ?" என்றார். நான் கொஞ்சமும் யோசிக்காமல், "ஐ ஆம் டேக்கிங் நோட்ஸ்" என்றேன். உண்மையிலேயே நோட்டில் எழுதிக்கொண்டுதான் இருந்தேன். அந்தப் பக்கம் ஒரு நொடி அமைதி, அப்புறம் சிரிப்பு. ஜோக் அடித்தேன் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தமிழில் 'என்ன பண்றீங்க?' என்று ஒரே கேள்விதான். பெண் பார்க்கப் போன வீட்டில் கேட்டால் உத்தியோகத்தைச் சொல்ல வேண்டும். போனில் கேட்டால் 'சும்மாதான் படுத்திருக்கேன்' என்று சொன்னால் போதும். கேட்கிற இடத்தை வைத்தே நமக்குப் புரிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் கேள்வியிலேயே அதைப் பிரித்துவிடுகிறார்கள். 'டு யூ டூ' என்றால் பிழைப்பு, 'ஆர் யூ டூயிங்' என்றால் இந்த நிமிஷம்.

அது சிரிப்போடு போயிற்று. அடுத்தது அப்படிப் போகவில்லை. குளிர்கால நைட் ஷிஃப்ட், நமக்கு மணி பதினொன்று. அங்கே மாலை ஐந்தரை, வீட்டுக்குக் கிளம்புகிற நேரம். ஒரு சர்வரில் மெமரி நிறைந்துவிட்டதால் அனுமதி வாங்கி ரீஸ்டார்ட் கொடுத்தேன். மேலே வர ஏழெட்டு நிமிஷம் ஆகும். அதுவரை யாரும் பதறக் கூடாதே என்று டிக்கெட்டில், அதாவது அந்தக் கோளாறைப் பதிவு செய்திருந்த பக்கத்தில், அக்கறையாக ஒரு வரி போட்டேன்: 'சர்வர் ரீஸ்டார்ட்ஸ். ப்ளீஸ் வெயிட்.'

சர்வர் மேலே வருவதற்குள் டிக்கெட் பி-ஒன் ஆகிவிட்டது. பி-ஒன் என்றால் தலைபோகிற அவசரம், மேலிருந்து கீழ் வரை எல்லாரையும் காலில் கூப்பிடுவார்கள். பேருந்து நிறுத்தத்தில் இருந்தவர்கூட சேர்ந்துகொண்டார், பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது. முதல் கேள்வி எனக்கு: "ஹவ் ஆஃப்டன்?" அடிக்கடியா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஒன்லி ஒன்ஸ்" என்றேன். "தென் ஒய் டஸ் இட் சே ரீஸ்டார்ட்ஸ்?" என்றார். சர்வர் தன்னால் விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருக்கிறது, இவன் காத்திருக்கச் சொல்கிறான் என்று அவர்கள் படித்திருக்கிறார்கள். 'இஸ் ரீஸ்டார்ட்டிங்' என்று எழுதியிருந்தால் அந்த மனிதர் பஸ் ஏறியிருப்பார்.

எங்கள் ஷிஃப்ட் லீடை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். கால் முடிந்ததும் என்னை கேண்டீனுக்கு அழைத்துப் போனார். திட்டு விழும் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"தம்பி, டீ குடிப்பியா?"

"குடிப்பேன்க்கா."

"டீ குடிக்கிறியா?"

"வேண்டாம்க்கா, இப்பதான் குடிச்சேன்."

"ரெண்டு கேள்விக்கும் ரெண்டு பதில் சொன்னே பாத்தியா? முதல்ல நான் கேட்டது உன் பழக்கம். ரெண்டாவது கேட்டது இப்போ. 'சர்வர் தினமும் ரெண்டு மணிக்கு ரீஸ்டார்ட் ஆகும்'னா அது ரீஸ்டார்ட்ஸ். 'இரு, ரீஸ்டார்ட் ஆகுது'ன்னா அது ரீஸ்டார்ட்டிங். உனக்குத் தமிழ்ல தெரிஞ்ச விஷயம்தானே?"

பன்னிரண்டு வருஷம் பள்ளியில் படித்தும் இதை யாரும் எனக்கு இப்படிச் சொல்லவில்லை. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஓர் அட்டவணை. 'ஐ கோ' என்றால் நான் போகிறேன், 'ஐ ஆம் கோயிங்' என்றால் நான் போய்க்கொண்டிருக்கிறேன். இதை மனப்பாடம் செய்தவன் என்ன ஆவான்? செருப்பை மாட்டிக்கொண்டே 'நான் போறேன்' என்று சொல்ல வந்தவன் 'ஐ கோ' என்பான். பேச்சில் 'போறேன்' என்பது பெரும்பாலும் இப்போதைக்கு. வழக்கத்துக்கு 'போவேன்' இருக்கிறது: ஞாயிற்றுக்கிழமைன்னா கோயிலுக்குப் போவேன். இலக்கணத்தில் அது எதிர்காலம், ஆனால் வாயில் அது வழக்கம். ஆங்கிலத்தின் சாதாரண நிகழ்காலத்துக்கு நம் 'போவேன்' ஜோடியாக வேண்டியது. அட்டவணை போட்டவர்கள் பெயர்ப் பொருத்தம் மட்டும் பார்த்து 'போகிறேன்' என்பதோடு சேர்த்துவிட்டார்கள்.

நம் இலக்கணக்காரர்களுக்கே இது யோசிக்க வேண்டிய விஷயமாகத்தான் இருந்திருக்கிறது. மூன்று காலத்திலும் மாறாமல் இருப்பதை எந்தக் காலத்தில் சொல்வது? தொல்காப்பியத்தின் உரைகள் 'மலை நிற்கும்' என்று காட்டுகின்றன. பின்னால் வந்த நன்னூல் நிகழ்காலத்திலேயே சொல்லலாம் என்கிறது, அதற்கு உரை காட்டுவது 'மலை நிற்கின்றது'. ஆங்கிலக்காரர் நன்னூல் கட்சி. நம் வாய் இன்னும் தொல்காப்பியத்தின் பக்கம்தான், சூரியன் கிழக்கே உதிக்கும் என்றுதானே சொல்கிறோம்?

அக்காவின் டீ எல்லா இடத்துக்கும் செல்லாது. 'இந்த வாரமா சர்வர் அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகுது' என்றும் நாம் சொல்வோம், அங்கே 'ஆகுது' வழக்கத்தின் பக்கம் சாய்கிறது. இருந்தாலும் எழுதுவதற்கு முன்னால் ஆகுமா, ஆகுதா என்று ஒருதரம் தமிழில் கேட்டுக்கொண்டால் பத்தில் எட்டுக்குச் சரியாக வரும். அந்த 'அடிக்கடி' மாதிரி ஒரு சொல் எட்டிப் பார்த்தால் மட்டும் உஷாராகிவிட வேண்டும்.

அதன்பிறகு எங்கே பார்த்தாலும் இதுதான் கண்ணில் பட்டது. 'ஐ ஆம் லிவிங் இன் சென்னை' என்று ஒரு அறிமுக மெயிலில் போட்டேன், எப்போது ஊர் மாறப்போகிறீர்கள் என்று பதில் வந்தது. 'லிவிங்' என்றால் தற்காலிகம் என்று தோன்றுமாம். நான் பிறந்ததே வண்ணாரப்பேட்டையில்.

ஒன்று மட்டும் தானாகவே பிடிபட்டது. ஒரு நாள் அந்தப் பக்கத்துக்காரர் ஒருவர் தன் மேலதிகாரியைப் பற்றி எங்களிடம் புலம்பினார்: "ஹி இஸ் ஆல்வேஸ் காலிங் மீ அட் லஞ்ச்." ஆல்வேஸ் வந்தால் ஐ.என்.ஜி. வரக் கூடாது என்று படித்தவன் நான். ஆனால் அவர் குரலைக் கேட்டதுமே புரிந்துவிட்டது. 'எப்பப் பாரு சாப்புடுற நேரத்துல போன் பண்ணிக்கிட்டே இருக்கான்' என்று நாம் சலித்துக்கொள்வோமே, அதே 'கிட்டே இருக்கான்'. சலிப்பைக் காட்ட இரண்டு மொழியும் ஒரே வழியைத்தான் பிடித்திருக்கின்றன. அன்றைக்கு அந்த ஆளோடு சட்டென்று ஒரு ஒட்டுதல் வந்துவிட்டது.

தெரிவது, புரிவது, பிடிப்பது, இருப்பது இதெல்லாம் ஐ.என்.ஜி. ஏற்காத வினைகள் என்பதை அட்டையில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன். 'எனக்குப் புரிந்துகொண்டிருக்கிறது' என்று தமிழிலும் யாரும் சொல்வதில்லை, அதனால் 'ஐ ஆம் நாட் அண்டர்ஸ்டாண்டிங்' சீக்கிரமே போய்விட்டது. 'ஐ ஆம் ஹேவிங் எ டவுட்' மட்டும் போகவில்லை. நேற்று சாயங்காலம்கூட, அந்த அட்டையைப் பார்த்தபடியே, மைக்கை ஆன் செய்து அதைச் சொன்னேன்.