உள்ளே விழுந்த லாக்

மூக்கு பிளையரின் நுனியிலிருந்து லாக் தெறித்தது. பிஸ்டனின் பின் நழுவாமல் பிடிக்கிற சின்னக் கம்பி வளையம் அது. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கிற தண்டான கன்ராடில் "டிங்" என்று பட்டது ஒரு சத்தம். பின்னாலேயே மெத்தென்று இன்னொன்று. அதற்கப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை.

"கைய எடு ஆத்தா. எதையும் தொடாத."

வாசல் பக்கம் நாற்காலியில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த அப்பா சொன்னார். என் கையை அவர் பார்க்கவில்லை. சத்தத்தை மட்டும் கேட்டார்.

அப்பாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. மதுரை அண்ணா நகர் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில்தான் ஆபரேஷன். குனியக் கூடாது, வெயிட் தூக்கக் கூடாது, தூசி படக் கூடாது. ஒத்தக்கடையில் மெக்கானிக் ஷாப் வைத்திருக்கிற மனுஷனிடம் இந்த மூன்றையும் சொன்னால் அவர் என்னதான் செய்வார்? அதுவும் ஆடி மாசம். யானைமலைப் பக்கமிருந்து காற்று அடித்தால் மேலூர் ரோட்டுப் புழுதி மொத்தமும் கடைக்குள்தான் வந்து இறங்கும். ஷட்டரைப் பாதி இறக்கி, அதன் பின்னால் அவரை உட்கார வைத்திருந்தேன். வாரநாளில் எனக்குப் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆய்வக வேலை. சனி, ஞாயிறு கடை. பத்து வயதிலிருந்து அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவள் நான். ஆனால் ஒரு யமஹா ஆர்எக்ஸ் ஹண்ட்ரட் பைக்கின் பிஸ்டன் வேலையை முழுசாக என் கையால் செய்வது அன்றைக்குத்தான்.

வண்டி ஒரு வக்கீல் குமாஸ்தா தம்பியுடையது. 2004-ல் ஹைகோர்ட் கிளை இங்கே வந்த பிறகு எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கோர்ட் வேலைக்குப் போகிறவர்கள். அதற்கு முன்னால் வேளாண் கல்லூரிப் பையன்களும் பால்காரர்களும்தான். 1985-லிருந்து 1996 வரைதான் இந்த வண்டி வந்தது. கடைசியாக வந்ததற்கே முப்பது வயது இருக்கும். அந்தத் தம்பி தன் சித்தப்பாவிடமிருந்து வாங்கி, ஆறு மாசமாகச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, சிலிண்டரைக் கடைந்து பெரிசாக்குகிற போரிங் வேலைக்குக் கொண்டு வந்திருந்தார். போர், அதாவது சிலிண்டர் துளையின் விட்டம், 50 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்குகிற ஸ்ட்ரோக்கும் 50 மி.மீ., கொள்ளளவுக் கணக்குப் போட்டால் 98 சிசி. லேத்தில் கொடுத்து கால் மில்லி ஓவர்சைஸ் அடித்து, புது பிஸ்டன் கிட்டும் வாங்கியாயிற்று. ஆடித் தேருக்கு அழகர்கோவில் போக வண்டி வேண்டும் என்று கேட்டிருந்தார்.

தப்பு எங்கே நடந்தது என்பதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சிலிண்டர் பிளாக்கைக் கழற்றியதும், அதற்குக் கீழே கிராங்க் சுற்றுகிற கூடான கிராங்க் கேஸின் வாயில் பனியன் வேஸ்ட் துணியைத் திணித்து வைக்க வேண்டும். அது எனக்குத் தெரியும், திணித்தும் வைத்திருந்தேன். பிஸ்டனில் ஒரு பக்க லாக்கை மேஜையிலேயே மாட்டிக்கொண்டு, பின்னைத் தள்ளி, கன்ராடில் பிஸ்டனைக் கோர்த்தும் விட்டேன். அப்போதுதான் கீழே பேரிங்குக்கு ஆயில் விடவில்லையே என்று ஞாபகம் வந்தது. வேஸ்ட்டை உருவி, டூ ஸ்ட்ரோக் வண்டிக்கான டூ-டி ஆயிலை நாலு சொட்டு விட்டேன். உருவிய வேஸ்ட் பெட்ரோல் டேங்க் மேலேயே இருந்தது. திரும்ப வைக்காமல் இரண்டாவது லாக்கைக் கையில் எடுத்துவிட்டேன். அந்த அரை நிமிஷம்தான்.

"நியூட்ரல்ல இருக்கா பாரு," என்றார் அப்பா. இருந்தது. "வண்டிய உருட்டக் கூடாது. கிக்கர் பக்கம் யாரும் போகக் கூடாது. பெரிய ஸ்டாண்டு நல்லா நிக்குதா?"

ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியாக இருந்தால் உள்ளே விழுந்த சாமான் ஆயில் இருக்கிற அடித்தட்டுக்குப் போகும். ஆயிலை வடித்து, கவரைக் கழற்றித் தேட ஒரு வழி உண்டு. இது டூ ஸ்ட்ரோக், அந்த வசதி கிடையாது. இதற்கு கிராங்க் கேஸ்தான் நுரையீரல். பெட்ரோலும் காற்றும் முதலில் அங்கே வந்து, பிஸ்டன் இறங்கும்போது அமுங்கி, பக்கவாட்டு வழிகளில் ஏறிப் போருக்குள் போகும். அதனால்தான் கிராங்க் வட்டைச் சுற்றி இடமே விட்டிருக்க மாட்டார்கள். வட்டுக்கும் கேஸுக்கும் நடுவில் நூல் பிடித்த மாதிரி ஒரு சந்து. அதில் லாக் கிடக்கும்போது கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றினால் அலுமினியத்தைக் கீறிவிடும், இல்லை லாக்கே இரண்டாக உடையும். ஓடுகிற இன்ஜினில் காற்றோடு சேர்ந்து மேலே ஏறிப்போய்ப் புதுசாக அடித்த போரைக் கிழித்துவிடும்.

முதலில் அது உள்ளேதான் விழுந்ததா என்று பார்க்க வேண்டியிருந்தது. சத்தத்தை அப்பா நம்பினார். எனக்கு நம்பிக்கை போதவில்லை. பழைய ஸ்பீக்கர் காந்தத்தை பாலிதீன் கவரில் போட்டுக் கட்டி, தரையை ஓரடி ஓரடியாகத் துழாவினேன். கவரில் போட்டால் ஒட்டிய இரும்புத்தூளை உதற லேசு. இரண்டு பால்ஸ், ஒரு வாஷர், பாயின்ட் ஸ்குரூ ஒன்று என்று என்னென்னவோ கிடைத்தன. லாக் இல்லை.

அந்தத் தம்பிக்குப் போன் போட்டுச் சொல்லச் சொன்னார் அப்பா. எடுத்த பிறகு சொல்லலாமே என்று எனக்கு இருந்தது. "அவன் வண்டித்தா," என்றார். அவ்வளவுதான். போன் பண்ணி நடந்ததை நடந்தபடியே சொன்னேன். "அக்கா, கேஸ் பிரிக்கிற மாதிரி ஆயிடுமா?" என்று கேட்டார். அப்படி ஆனாலும் ஆகும், அந்தச் செலவு எங்களோடது என்றேன்.

பின்னைத் திரும்ப உருவிப் பிஸ்டனை எடுத்து வைத்தேன். டார்ச் அடித்துப் பார்த்தால் ஆயில் பளபளப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. போன் கேமராவை விட்டுப் பார்த்தேன், அதுவும் உதவவில்லை.

அடுத்தது காந்தம். ஆண்டெனா மாதிரி நீளுகிற காந்தக் குச்சி கடையில் இருக்கிறது. அதை உள்ளே விட்டதும் 'டக்'கென்று கன்ராடில் ஒட்டிக்கொண்டது. பிய்த்து இந்தப் பக்கம் விட்டால் கிராங்க் வட்டில் ஒட்டியது. கேஸ் அலுமினியம், காந்தத்துக்கு அது ஆள் இல்லை. ஆனால் உள்ளே இருக்கிற மற்றது எல்லாமே எஃகு. பிள்ளைகளுக்கு ஆய்வகத்தில் வருஷா வருஷம் எடுத்து வைக்கிற அதே பாடம். குச்சியை ஒரு பழைய பேனாக் கூட்டுக்குள் நுழைத்து, நுனி மட்டும் வெளியே தெரிகிற மாதிரி வைத்துப் பார்த்தேன். பக்கவாட்டில் ஒட்டுவது குறைந்தது. ஆனால் கூடு தடிமன், சந்தில் இறங்கவில்லை.

"ஈர்க்கு எடு," என்றார் அப்பா.

விளக்குமாற்றிலிருந்து நல்ல ஈர்க்காக ஒன்றை உருவி, துடைத்து, நுனியில் கெட்டி கிரீஸைப் பயறு அளவு வைத்தேன். லாக் மேல் பட்டால் கிரீஸில் ஒட்டிக்கொண்டு வரும். அப்பா இந்த முறையில் வால்வு லாக், ஸ்டீல் பால்ஸ் எல்லாம் எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். ஈர்க்கு வளையும், எங்கேயும் கீறாது, உடைந்தாலும் நார் விட்டுத் தொங்குமே தவிர துண்டாகி உள்ளே விழாது. இடது பக்கம் விடும்போது ஒரு தடவை ஏதோ நெருடியது. இழுத்தேன், வரவில்லை. இன்னொரு தடவை விட்டால் நெருடலும் இல்லை. தள்ளிவிட்டேனோ என்று பயம் வந்துவிட்டது. மணி ஏழாகியிருந்தது. வாயைத் துணியால் மூடி, கயிற்றால் கட்டி, ஷட்டரை இறக்கினோம். ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்ஜினை இறக்குவதென்று முடிவு. ஆயில் பம்புக்கு வருகிற டியூபைக் கழற்றி அதில் ஒரு போல்ட்டைச் சொருகி அடைத்தேன். கிளட்ச் கேபிள், செயின், ஒயர், சைலன்சர், கடைசியில் மவுண்டிங் போல்ட்டுகள். கவிழ்க்கப் போகிறோம் என்பதால் கியர் ஆயிலையும் வடித்தாயிற்று. ஹெட்டும் பிளாக்கும் இல்லாத இன்ஜின், நான் ஒருத்தியே தூக்கிவிட்டேன்.

"கன்ராட கட்டுனியா?"

கட்டவில்லை. கவிழ்த்தால் கன்ராடு தொங்கும், அதன் கனத்தில் கிராங்க் தானாகச் சுற்றிவிடும். ராத்திரி முழுக்க யோசித்தும் எனக்குத் தோன்றாதது இது. சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி, பிளாக்கைப் பிடிக்கிற நாலு ஸ்டட்டுக்கும் கன்ராடுக்கும் சேர்த்து இழுத்துக் கட்டினேன். அசையவில்லை.

உள்ளே டீசல் ஊற்றி அரைமணி நேரம் ஊறவிட்டோம். ஆயில் ஒட்டில்தான் அது சுவரோடு பிடித்துக்கொண்டிருக்கும் என்பது அப்பாவின் கணக்கு. "ரெண்டாஞ் சத்தம் மெத்துன்னு கேட்டுச்சு. அடியில விழுந்திருந்தா கணீர்னு கேட்டிருக்கும்." பிறகு அலுமினியச் சட்டிக்கு மேலே இன்ஜினைக் கவிழ்த்துப் பிடித்தேன். டீசல்தான் கொட்டியது. மறுபடி ஊற்றி, கவிழ்த்து, அடிப்பக்கத்தில் மரச்சுத்தியலால் தட்டினேன். கறுப்பாக மண்டி வந்தது. மூன்றாவது தடவை, "அங்கிட்டு சாய்ச்சுப் புடி, மேக்னெட் பக்கம் கீழ வரட்டும்," என்றார். கரண்ட் தயாரிக்கிற மேக்னெட் இருக்கிற இடது பக்கத்தைச் சாய்த்துத் தட்டினேன்.

சட்டியில் 'கிணிங்' என்றது.

டீசலுக்குள் விரலை விட்டுத் துழாவி எடுத்தேன். சுண்டுவிரல் மோதிரத்தைவிடச் சின்னக் கம்பி வளையம். அப்பா கையில் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றாமலே விரலால் இரண்டு முனையையும் தடவிப் பார்த்தார். மேஜையில் இருந்த இன்னொரு லாக்கை அதன்மேல் வைத்து அளந்தார். இரண்டும் ஒன்று போல் இருந்தன. முனை உடையவில்லை, துண்டு எதுவும் உள்ளே தங்கவில்லை. அதை உறுதி செய்யாமல் "கிடைத்துவிட்டது" என்று சொல்லக் கூடாது.

நான் சட்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். அழுகை வந்தது. அப்பா ஒன்றும் சொல்லாமல் பக்கத்துக் கடையில் இரண்டு டீ சொன்னார்.

டீசலில் கழுவியதால் பேரிங்குகள் வறண்டிருக்கும். கிராங்கின் இரண்டு பக்கமும், கன்ராடின் அடியிலும் டூ-டி ஆயிலைத் தாராளமாக விட்டு, அப்புறம்தான் முதல்முறையாகக் கிராங்கைக் கையால் சுற்றினேன். வெண்ணெய் மாதிரி சுற்றியது. உள்ளே விழுந்த லாக்கையும் அதன் ஜோடியையும் திரும்பப் போடவில்லை. ஒரு தடவை வளைத்துத் தெறித்த லாக்கில் இழுவை குறைந்திருக்கலாம். புது ஜோடி வாங்கி வந்தேன். இந்த முறை ஒரு பழைய சட்டையையே கன்ராடைச் சுற்றிச் செருகினேன், கை ஒன்று வெளியே தொங்குகிற மாதிரி. மறந்துபோய் மேலே பிளாக்கை இறக்கவே முடியாது. பிஸ்டன் தலையில் இருக்கிற அம்புக்குறி சைலன்சர் பக்கம். லாக்கின் வாய், பிஸ்டனில் இருக்கிற வெட்டுக்கு நேராக வராமல் மேல்நோக்கி. ரிங்கின் முனைகள் பள்ளத்தில் இருக்கிற குட்டிப் பின்னில் உட்கார்ந்திருக்கிறதா என்று நகத்தால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பிளாக்கை இறக்கினேன்.

சாயங்காலம் அந்தத் தம்பி வந்தார். மூன்றாவது கிக்கில் எடுத்தது. ஆயில் அதிகம் விட்டதால் கொஞ்ச நேரம் கடை முழுக்க வெள்ளைப் புகை. அது அடங்கிய பிறகு அப்பா எழுந்து வந்து பிளாக் பக்கம் காதை வைத்துக் கேட்டார். போரிங் வண்டி, முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்கு நாற்பதைத் தாண்ட வேண்டாம், அழகர்கோவிலுக்கு இரண்டு பேருக்கு மேல் ஏற்ற வேண்டாம் என்று சொன்னேன்.

அவர் போன பிறகு கணக்கு நோட்டை எடுத்தேன். அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். போரிங், பிஸ்டன் கிட், பிளாக் மாற்றிய கூலி அந்தத் தம்பி பேரில். லாக் ஒரு ஜோடி, பேஸ் பேக்கிங் ஒன்று, கியர் ஆயில், டீசல் 2 லிட்டர், இன்ஜின் இறக்கி ஏற்றிய கூலி எல்லாம் கடைப் பேரில்.