தப்தரில் இருக்கிற கல்யாணம்

தம்புச் செட்டித் தெருவில் ஒரு மாடி அறைதான் என் அலுவலகம். உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் குடும்ப நீதிமன்றம் நடந்து போகிற தூரம். மண்ணடிப் பள்ளிவாசல்கள் அதைவிடப் பக்கம். அதனாலேயே என்னிடம் வருகிற குடும்ப வழக்குகளில் நிக்காஹ் சம்பந்தப்பட்டவை நிறைய.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் தன் வாப்பாவோடு வந்தார். சென்னையில் நிக்காஹ். கணவருக்கு லண்டனில் வேலை. மனைவிக்கான விசாவில் போய் அங்கே இரண்டு வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறார். சண்டை முற்றி ஊருக்கு வந்தவரைக் கணவர் திரும்பக் கூப்பிடவில்லை. செலவுக்குப் பணம் கேட்டதற்கு வாட்ஸ்ஆப்பில் பதில் வந்திருந்தது: "நாம பண்ணது வெறும் நிக்காஹ்தான், ரிஜிஸ்டர் பண்ணல. இந்த நாட்டுச் சட்டப்படி நீ என் மனைவியே இல்ல." அதற்குக் கீழே மூன்று முறை தலாக்.

"மேடம், அப்ப நான் அங்க யாராத்தான் இருந்தேன்?" என்று அந்தப் பெண் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

கணவர் சொன்னது முழுப் பொய் என்றும் தள்ள முடியாது. லண்டனில் 1998இல் ஓர் உணவகத்தில் நிக்காஹ் செய்துகொண்ட ஒரு தம்பதி, அந்நாட்டுச் சட்டம் கேட்கிற பதிவுத் திருமணத்தைக் கடைசிவரை செய்யவில்லை. நான்கு பிள்ளைகள் பிறந்த பிறகு பிரிந்தார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல், அந்தச் சடங்கு சட்டத்தின் கண்ணில் திருமணமே அல்ல, செல்லாத திருமணம் என்றுகூட அதைச் சொல்ல முடியாது என்று முடித்துவிட்டது. இந்தச் செய்தியை அரைகுறையாகக் கேட்டவர்கள் எல்லா நிக்காஹும் அப்படித்தான் என்று நம்பிவிடுகிறார்கள்.

ஆனால் இங்கிலாந்து நீதிமன்றம் முதலில் பார்ப்பது கல்யாணம் எங்கே நடந்தது என்பதை. நடந்த இடத்தின் சட்டப்படி முறையாக இருந்தால் அங்கேயும் அது திருமணம்தான். சென்னையில் சாட்சிகள் முன்னால் ஈஜாபும் கபூலும், அதாவது திருமணக் கோரிக்கையும் சம்மதமும், நடந்து, மணமகன் மணமகளுக்குத் தரவேண்டிய மஹர் பேசி முடித்த நிக்காஹ் முழுமையான சட்டத் திருமணம். பதிவு செய்யவில்லை என்பதற்காக மட்டும் அது இல்லாமல் போகாது. லண்டனில் சொன்ன அதே கபூலுக்கு அங்கே சட்ட மதிப்பு இல்லை, சென்னையில் சொன்ன கபூலுக்கு அங்கேயும் மதிப்பு உண்டு. இதை வாப்பாவுக்குப் புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. புரிந்ததும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தத் தலாக்கும் நிற்காது. பிரிட்டன் மண்ணில் நீதிமன்றம் வழியாக வராத விவாகரத்து அங்கே செல்லாது. இங்கேயோ 2017இல் உச்ச நீதிமன்றம் உடனடி முத்தலாக்கை ரத்து செய்துவிட்டது. 2019 சட்டம் மின்னணு வழியில் சொன்னாலும் அது குற்றம் என்கிறது, மூன்று ஆண்டு வரை சிறை.

சரி, சட்டம் நம் பக்கம். காகிதம்? பள்ளிவாசல் நிர்வாகமான ஜமாஅத் கொடுத்த நிக்காஹ் சான்றிதழ் கணவர் வீட்டுப் பீரோவில். பள்ளிவாசலின் தப்தரை, அதாவது நிக்காஹ் பதிவேட்டை, புரட்டினோம். பக்கம் இருந்தது. ஆனால் தேதி ஹிஜ்ரி என்ற இஸ்லாமிய நாட்காட்டியில், மணமகள் பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல் இல்லை, வாப்பா பெயருக்கு ஒற்றை எழுத்து இனிஷியல். இரண்டு சாட்சிகளில் ஒருவர் மௌத்தாகிவிட்டார்.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009 எல்லா மதத்தினருக்கும் பொது. 90 நாளுக்குள் பதியலாம், கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். பதிந்தால் ஷரீஅத்தை விட்டுக்கொடுத்ததாகிவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. மதச் சடங்கு இல்லாமலும் திருமணம் செய்துகொள்ள வழிவிடும் சிறப்புத் திருமணச் சட்டத்தோடு இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். அதில் போனால் வாரிசுரிமைச் சட்டமே மாறிவிடும் என்பது உண்மை. 2009 சட்டம் நடந்த நிக்காஹைக் குறித்து வைக்கிறது, அவ்வளவுதான். மண்டப வாடகைக்கு லட்சக்கணக்கில் கொடுக்கிற வீட்டில் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போக ஒரு காலைப்பொழுது கிடைப்பதில்லை. பிறகு நிரூபிக்க அலைவது மணமகன் இல்லை.

பிரிவிலும் இதே கதை. மனைவி கேட்டுப் பெறும் மணவிலக்கான குலாவுக்கு ஜமாஅத் எழுதிக்கொடுத்த சான்றிதழை வைத்து மறுமணம் செய்துகொண்டு, வெளிநாட்டு விசாவுக்குப் போய் "நீதிமன்ற உத்தரவு எங்கே?" என்ற கேள்வியோடு திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். காஜி என்கிற இஸ்லாமியச் சமய அதிகாரி தரும் தலாக் சான்றிதழ் வெறும் கருத்துதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017 ஜனவரியில் இடைக்கால உத்தரவிட்டது. குலா சான்றிதழ் கொடுக்கத் தனியார் அமைப்புகளுக்கு அதிகாரம் இல்லை, பெண்கள் குடும்ப நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று 2023இல் சொன்னது. குலா பெண்ணின் உரிமை, அதில் சந்தேகமே வேண்டாம். அதற்கு நீதிமன்ற முத்திரையும் வாங்கிவிடுங்கள் என்று வருகிற ஒவ்வொருவரிடமும் கெஞ்சுகிறேன்.

அப்புறம் அந்த வழக்கு. மிஞ்சியிருந்த சாட்சி வாணியம்பாடியில் மகன் வீட்டில் இருந்தார், எண்பதைத் தாண்டியவர். லண்டன் சொலிசிட்டருக்கு அனுப்ப அவருடைய பிரமாண வாக்குமூலம் வேண்டும். நோட்டரியோடு ரயிலேறிப் போனேன். பெரியவர் தப்தர் நகலைக் கண்ணருகே வைத்து, தன் கையெழுத்தை விரலால் தடவினார்.

"மஹர் அஞ்சு பவுன்மா. நான்தான் சபையில சத்தமாச் சொன்னேன். அதையும் எழுதிக்குங்க" என்றார்.

எழுதிக்கொண்டேன்.