சம்பள நோட்டில் ஒரு கோடு

2021 ஏப்ரல் 6, செவ்வாய்க்கிழமை, சட்டமன்றத் தேர்தல். மதுரை நத்தம் ரோட்டுப் பக்கம் ஓர் அடுக்குமாடி வேலையில் அப்போது நான் சைட் இன்ஜினியர். அந்த வாரம் சனிக்கிழமை சம்பளம் போட உட்கார்ந்தபோது அலுவலகத்திலிருந்து போன். ஓட்டு இருக்கிறவர்களுக்கு மட்டும் செவ்வாய்க்கிழமைச் சம்பளம் போடு, முகாம் பெயிண்டர்களுக்கு வேண்டாம் என்றார்கள். சட்டமும் வாக்குரிமை உள்ளவருக்குத்தான் சம்பளத்தோடு விடுப்பு என்கிறது. ஏழு பேர் பெயருக்கு நேரே அந்தக் கட்டத்தில் கோடு போட்டது என் கை.

ஏழு பேரும் ஆனையூர் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வருகிறவர்கள். மூத்தவர் மன்னாரிலிருந்து 1990இல் பன்னிரண்டு வயதில் படகில் வந்தவர், நான் அண்ணே என்று கூப்பிடுவேன். பட்டி பார்த்து உப்புத்தாள் போட்ட சுவரைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யமாட்டார். கண்ணை மூடி உள்ளங்கையால் தடவிவிட்டு மேடு எங்கே, பள்ளம் எங்கே என்று சொல்வார். அவர் மகன் பி.காம் முடித்துவிட்டு அப்பாவுடன் ரோலர் பிடிக்கிறான். பிறந்தது மதுரையில்தான், ஆனால் 1987 ஜூலைக்குப் பிறகு இங்கே பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்தாக வேண்டும். அதனால் அவனுக்கும் ஓட்டு இல்லை.

அண்ணன் பணத்தை எண்ணிப் பார்த்தார். "எங்களுக்கு அன்னைக்கு லீவே வேண்டாம் தம்பி. சைட்டைத் திறந்து விட்டிருந்தா வேலை பாத்திருப்போமே" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

மறு வருடம் இலங்கை சரிந்தது. மன்னாரில் இருக்கும் அக்காவோடு பேசும்போது மட்டும் அவருடைய மதுரைத் தமிழ் காணாமல் போய்விடும். மண்ணெண்ணெய்க்கு வரிசை, பால்மா இல்லை, நாளில் பாதி கரண்ட் இல்லை. நல்லா இருந்த நாடு எப்படி இப்படி ஆச்சு என்று பையன்கள் கேட்டார்கள். 2019இல் வரியைக் குறைத்தது, கொரோனாவில் சுற்றுலா படுத்தது, 2021இல் ஒரே அடியாக ரசாயன உரத்தை நிறுத்தியது, கடைசியில் 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது, இதெல்லாம் பேப்பரில் படித்து நான் சொன்னேன். அண்ணன் மறுக்கவில்லை. அக்காவுக்கு வரிசை புதுசு இல்லை, கொழும்புக்காரங்களுக்குத்தான் புதுசு என்றார். 90களில் வடக்கே புலிகள் வசம் இருந்த பகுதிகளுக்கு மண்ணெண்ணெயும் பேட்டரியும் சோப்பும்கூடப் போகவிடாமல் அரசு தடை போட்டிருந்தது, அக்கா அதிலேயே பிள்ளை வளர்த்தவர்.

ஜூலை 9, அதுவும் சம்பளச் சனிக்கிழமை. ஜனாதிபதி மாளிகை நீச்சல்குளத்தில் ஜனங்கள் குதிப்பதைப் போனில் பார்த்துப் பையன்கள் விசில் அடித்தார்கள். அவரும் பார்த்தார். "அக்காவுக்கு மண்ணெண்ணெய் கிடைச்சுச்சான்னு கேக்கணும்" என்றார்.

அவருடைய அம்மா வழி, தேயிலைத் தோட்ட வேலைக்கு இங்கிருந்து இலங்கை மலையகத்துக்குப் போன குடும்பம் என்று அப்புறம்தான் தெரிந்தது. 1931லேயே எல்லோருக்கும் வாக்குரிமை கொடுத்த நாடு அது. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து, தோட்டத் தொழிலாளர்களின் குடியுரிமையும் பின்னாலேயே ஓட்டும் போயின. 1964இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். அந்த ஜனங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாத்தா காலத்தில் அங்கே, பேரன் காலத்தில் இங்கே, ஒரு குடும்பம் பட்டியலுக்கு வெளியிலேயே நிற்கிறது. பட்டியலில் இல்லாதவனுக்கு என்ன செய்தாலும் யாருக்கும் ஒரு ஓட்டு குறையப்போவதில்லை. அந்தத் துணிச்சலில்தான் அங்கே சட்டம் போட்டார்கள், இங்கே நான் கோடு போட்டேன்.

2024 ஏப்ரல் 19, மக்களவைத் தேர்தல். இந்த முறை முன்கூட்டியே முதலாளியிடம் பேசிச் சைட் சாவியை அண்ணன் கையில் கொடுத்தேன். ஏழு பேரும் வேலை பார்த்தார்கள், சம்பளமும் எழுதினேன்.

அந்தச் செப்டம்பரில் இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல். அக்கா ஓட்டுப் போட்டிருக்கிறார். யாருக்கு என்று அண்ணன் கேட்டதற்கு, அதை உனக்கு ஏன் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். அன்று முழுக்க அதையே திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்தார். மகன் பக்கத்தில் பட்டி கலக்கிக்கொண்டிருந்தான்.