செங்கோட்டைச் சாரலில் மாயாவியைக் காப்பாற்றுவது

மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து கை மட்டும் தெரியுமே, அந்தக் காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவி பிரிட்டனின் வேலியன்ட் வார இதழில் 1962-ல் பிறந்தவர். ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் கறுப்பு மை நிழல்களை, சிவகாசி முத்து காமிக்ஸின் மலிவான சாணித்தாளில் பார்த்த அழகு இன்றைய வழவழத் தாளில் வரவே வராது.

ஆனால் அந்தப் பழைய இதழ்களுக்கு அந்தத் தாள்தான் எமன். மரக்கூழிலுள்ள லிக்னின் என்ற பொருள் வெளிச்சத்திலும் காற்றிலும் அமிலமாகி, ஓரம் பழுத்து உதிரும். செங்கோட்டை, புளியரைப் பக்கம் ஆனி ஆடிச் சாரலும் ஐப்பசி மழையும் சேர்வதால் முதலில் துருப்பிடிப்பது இதழைத் தைத்திருக்கும் ஸ்டேப்ளர் பின்தான். நடுப்பக்கத்தை விரித்து, மழுங்கிய கத்தியால் பின்னின் கால்களை நிமிர்த்தி, முதுகுப்பக்கமாக மெல்ல இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் அட்டை கிழியும். அதே துளைகளில் வெள்ளைப் பருத்தி நூல் கோத்து உள்ளே முடிச்சிடலாம்.

செலோடேப் மட்டும் வேண்டவே வேண்டாம்! சில வருடங்களில் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். பிறகு எடுக்கவே முடியாது.

தாளைத் தின்னும் ராமபாணப் பூச்சி இருந்தால், இதழை ஜிப் உறையில் காற்றை அழுத்தி வெளியேற்றி, ஒரு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க மூடியே கிடக்கட்டும். இல்லையென்றால் குளிர்ந்த தாளில் நீர் பூக்கும்.

காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் நீல சிலிக்கா ஜெல் போட்டு, இதழ்களைப் படுக்கை வசமாக அடுக்குங்கள். ஜெல் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது, மாற்றுங்கள்.